பங்குக் கிணற்றின் மூன்றாம் அலை

ஆடி மாதத்துச் சோளகம் தீவகத்தின் மீது வீசும்போது அதனை வெறுங்காற்றென்று சொல்ல மனம் ஒப்பாது. தெற்கும் மேற்கும் கூடிய திசையிலிருந்து, கடலின் உப்பையும் தரவை வெளியின் புழுதியையும் அள்ளிக்கொண்டு, புறப்பட்ட இடமும் போய்ச் சேரும் இடமும் அறியாத பெருந்துயரம்போல அது இரவும் பகலும் ஓயாது நடக்கும். பனைகள் ஒருமிக்கச் சாய்ந்து தம் ஓலைகளைத் தாமே அறைந்துகொள்ளும். பூவரசின் இலைகள் வெளிறும். மாரியில் தளும்பிய குளங்கள் வெடித்த சேற்றின்மேல் வெள்ளுப்பாய்ப் பூக்கும். மாடுகள் தலைகவிழ்ந்து நிழலைத் தேடும். நிழலோ காற்றோடு ஆடி ஓரிடத்தில் நில்லாது. இப்பருவத்தில், முருகைக் கற்பாறையின் இடுக்குகளில், கடல்நீரின்மேல் மெல்லிய ஆடைபோல் மிதந்து கிடக்கும் நன்னீர் ஒன்றே தீவாருக்கு உயிர். அதனைப் பொறுமையோடு எடுக்க வேண்டும். பேராசையோடு இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலேறி வந்துவிடும்.

புளியங்கூடலில், இரண்டு வீட்டு வளவுகளுக்கு நடுவே இருந்த அந்தக் கிணறு பங்குக் கிணறு. அக்கா பவதாரணிக்குப் பாதி, தங்கை சுலோஜனாவுக்குப் பாதி என்று சீதன உறுதிப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. கிழக்குப் பக்கத்தில் சுலோஜனாவின் மோட்டர். மேற்குப் பக்கத்தில் பவதாரணியின் மோட்டர். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் அவரவர் வீட்டிலிருந்து வந்தது. இரண்டு மோட்டர்களின் இரும்புக் குழாய்களும் கிணற்றுக் கட்டின்மேல் இரண்டு முழ இடைவெளியில் அருகருகே நின்றன. காலையில் அக்காவின் முறை. மாலையில் தங்கையின் முறை. இரண்டும் ஒருங்கே ஓடினால் கிணறு உவர்த்துவிடும் என்பது தாய் வைத்த கட்டளை. அக்கட்டளைக்கு ஆண்டில் ஒருநாள் மட்டும் விலக்கு இருந்தது. நயினை அம்மன் தேருக்குப் போகும் அடியாருக்காகப் பெருந்தெருவில் இரு வீட்டாரும் சேர்ந்து தண்ணீர்ப்பந்தல் வைக்கும் நாள் அது. அன்று மட்டும் இரண்டு மோட்டர்களும் ஒரே வேளையில் ஓடும்.

இந்த ஆனித் தேரன்றுதான் ஜெயரூபன் விழுந்தான்.

பந்தலுக்கு ஏற்ற வைத்த பீப்பாய் ஒன்று நிறைந்து வழிந்தது. சுலோஜனாவின் கணவனான அவன் ஈரக்காலோடு ஓடிவந்து, வழுக்காமலிருக்கத் தன் குழாயை இடக்கையால் பிடித்துக்கொண்டு, மச்சாள் பவதாரணியின் குழாயிலிருந்த வால்வைப் பூட்ட வலக்கையை நீட்டினான். அவன் கத்தவில்லை. சொல்ல வந்த சொல் ஒன்று வாய்க்குள் சிக்கியவன்போல ஒரு கணம் விறைத்து நின்றான். பிறகு பின்புறமாகச் சாய்ந்தான். கிணற்றுக்குள் விழாமல் வெளிப்புறம் விழுந்தது அம்மன் திருவருள் என்றே சுலோஜனா இன்றும் நம்புகிறாள்.

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் அவனைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் உடலால் முழுதாகவே வந்தான். ஆனால் இரும்பைத் தொட மறுத்தான். கதவுக் கொண்டியைத் துவாயால் சுற்றித் திறந்தான். சில்வர் மூக்குப்பேணியைத் தள்ளிவைத்துப் பிளாஸ்ரிக் கோப்பையில் தேநீர் குடித்தான். சைக்கிள் முற்றத்தில் நின்று கறள் பிடித்தது. சுலோஜனா குசினியில் கரண்டியைத் தவறவிட்டால், அறைக்குள்ளிருந்து, "என்னது? என்னது?" என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவளையும் பயம் பிடிக்கும். ஆயினும் முகத்தில் காட்டமாட்டாள். "கரண்டியப்பா, கரண்டி" என்று சிரித்துச் சொல்வாள்.

மின்சாரம் பார்ப்பவர்கள் வராமலில்லை. சுலோஜனா அழைத்தவர் கிழக்கு மோட்டரைச் சோதித்து, "உங்கட பக்கம் சுத்தம்" என்றார். எனவே பழுது அக்காவின் பக்கம் என்று ஊர் பேசிற்று. பவதாரணி வெகுண்டு, வேறொருவரை அழைத்து மேற்கு மோட்டரைக் காட்டினாள். அவரும், "உங்கட பக்கமும் சுத்தம்" என்றார். அன்று மாலையே அவள் இரு வளவுக்கும் இடையில் வேலியில் போய்வர விட்டிருந்த பொட்டு வழியைப் பனைமட்டை வைத்து அடைத்துவிட்டாள். இரண்டு பக்கமும் சுத்தமென்றால் மனிதனை அடித்தது எது? அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தாய்மாமன் ஆழ்வாப்பிள்ளை வந்தார்.

"பிள்ளை சுலோ, நான் சொல்லுறதைக் கேள். அம்மாளின்ர தேரண்டு நடந்தது. சும்மா நடக்கிற காரியமே இது? வாற வெள்ளி ஐயரைக் கூப்பிட்டு ஒரு சாந்தி செய்து, கிணத்துக்குப் பலகை போட்டு மூடுவம். தண்ணிக்குப் பவுசர் லொறி வரும்."

"பவுசர் தண்ணியில எத்தினை நாளைக்குச் சீவிக்கிறது அம்மான்?"

"உயிரோட இருக்கிற நாள் மட்டும் சீவிக்கலாம். கிணத்தடிக்குப் போனா அந்தக் கணக்கு நிச்சயமில்லை."

அறைக்குள்ளிருந்து ஜெயரூபன் வந்து கதவடியில் நின்றான். மெலிந்திருந்தான். "ஒரு பலகையும் போடவேண்டாம்," என்றான். "திங்கட்கிழமை விடிய நான் போய் ரெண்டு பைப்பையும் பிடிச்சுப் பாக்கப்போறன். ஒண்டில் அது, இல்லாட்டி நான். இப்பிடிப் பயந்து பயந்து இருக்க என்னால ஏலாது."

ஆழ்வாப்பிள்ளை கையிலிருந்த வெற்றிலையை மடிக்க மறந்தார். சொன்னதைச் செய்கிற மனிதன் அவன் என்பது பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த சுலோஜனாவுக்குத் தெரியும். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, கைத்தொலைபேசியில் மேரிசுகந்தியின் இலக்கத்தைத் தேடினாள். மேரிசுகந்தி ஊர்காவற்றுறைக்காரி, ஜெயரூபனோடு ஒரே வகுப்பில் படித்தவள், யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிப்பிக்கிறாள். "ரீச்சர்," என்றாள் சுலோஜனா. அதற்குமேல் அழுகைதான் வந்தது.

ஞாயிறு வெயில் ஏறிய பிறகு மேரிசுகந்தியின் ஸ்கூட்டி வாசற் படலையடியில் நின்றது. காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே இறங்கினாள்.

"விடிய வந்திருப்பன். சேர்ச்சில சுவாமி இண்டைக்குப் பிரசங்கத்தை நீட்டிப்போட்டார். பொறுமையைப் பற்றித்தான் பிரசங்கம். கேட்டுக்கேட்டு எனக்கு அது போச்சு." ஜெயரூபனைப் பார்த்ததும் சிரிப்புக் குறைந்தது. "என்ன ஜெயரூபன், வாழைக்குத்திமாதிரி இருந்த மனிசன் வாழைநார் ஆகிட்டீர்? இரும் இரும், எழும்பவேண்டாம்."

சுலோஜனா ஒடியற்பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். பவுசர் தண்ணீரில் குழைத்த பிட்டு குளோரின் மருந்து மணத்தது. மேரிசுகந்தி ஒன்றும் சொல்லாமல் உண்டு, கைகழுவி, துவாய் சுற்றிய பொதியொன்றைப் பையிலிருந்து எடுத்தாள். உள்ளே, பெரிய புத்தகமொன்றின் அளவில், பற்றரியில் இயங்கி, மின்னழுத்தத்தைத் திரையில் அலையாக வரையும் அலைவுகாட்டி இருந்தது. கறுத்த திரை, கீழே பொத்தான்கள், இரண்டு நீண்ட வயர்கள், ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு கூர்முனையும், கிளையாகப் பிரிந்த ஒரு கறுத்த கௌவியும்.

கிணற்றடிக்குச் சுலோஜனா தேரன்றைக்குப் பிறகு போகவில்லை. காற்றில் மோட்டர்க் கொட்டிலின் தகரம் படபடத்த ஒவ்வொரு முறையும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

மேரிசுகந்தி கிணற்றிலிருந்து தள்ளி, வாழையடி ஈரமண்ணில் ஓர் உருக்குக் கம்பியை அடித்து இறக்கினாள். இரண்டு கறுத்த கௌவிகளையும் அதிலேயே மாட்டினாள். "இந்தக் கறுப்பைக் கண்ட இடத்திலயும் கொழுவினா என்ர மெசினும் போகும், நானும் போவன். இந்தக் கம்பி ஆரின்ர வீட்டுக்கும் சொந்தமில்லாத நிலம். இதில நிண்டு ரெண்டு பக்கத்தையும் பாப்பம்."

முதல் முனையைக் கிழக்குக் குழாயிலும், இரண்டாம் முனையை மேற்குக் குழாயிலும் மாட்டிவிட்டு விலகினாள். "இப்ப உங்கட மோட்டரைப் போடும்."

சுலோஜனா வீட்டுக்கு ஓடிச் சுவிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். திரையில் மஞ்சள் நிறத்தில் ஓர் அலை எழுந்து, இறங்கி, மீண்டும் எழுந்தது.

"கறண்டு ஒழுகுது. ஆனா ஐம்பது வோல்ற்றுக்குக் கீழதான். கையைச் சுண்டும், லேசில கொல்லாது."

"அது எப்பவும் கொஞ்சம் கடிக்கும் ரீச்சர். சோளகத்துக்கு அப்பிடித்தான் எண்டு விட்டிட்டம்."

"கறண்டுக்குச் சோளகக் காத்து, வாடைக் காத்து எண்டு தெரியுமோ பிள்ளை?"

"பாக்க வந்தவர் சுத்தம் எண்டாரே."

"அவர் மோட்டருக்கும் உங்கட வீட்டு ஏர்த் வயருக்கும் இடையில அளந்திருப்பார். அது ரெண்டும் ஒண்டோடொண்டு கட்டினது. ஒரே ஆளின்ர ரெண்டு காதுக்குள்ளயும் கேட்டா ஒரே பதில்தானே வரும்?" மேரிசுகந்தி கிணற்றுக் கட்டைப் பார்த்தாள். "ஜெயரூபன் விழேக்க ரெண்டு மோட்டரும் ஓடினது, என்ன? அப்ப எனக்கு ரெண்டும் ஓடவேணும். கொக்கா பவதாரணியைக் கேளும்."

சுலோஜனா வேலியைப் பார்த்தாள். அடைத்த பொட்டின் பனைமட்டைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசின. அருகே போய் நின்றாள். அப்பால் தேங்காய் துருவும் ஒலி கேட்டது.

"அக்கா."

துருவும் ஒலி நின்றது.

"அக்கா, நான் சுலோ."

"குரல் தெரியுது. என்ன?"

"உங்கட மோட்டரை ஒருக்காப் போடவேணும்."

"ஏன், இன்னொராள் விழுந்தா அதையும் என்ர தலையில கட்டவோ? ஆசுப்பத்திரி வாசல்ல அம்மான் என்ன கேட்டவர்? 'பவதாரணி, உன்ர மோட்டரால என்ன செய்து வைச்சிருக்கிறாய்' எண்டு. பத்துப் பேருக்கு முன்னால. நீ பக்கத்தில நிண்டனி. வாய் திறந்தனியோ?"

"அண்டைக்கு எனக்கு வாய் எங்க இருந்தது அக்கா? அவர் உள்ளுக்குக் கிடந்தவர்."

"எனக்கு ஆர் இருக்கினம்? உன்ர அத்தான் கட்டாரில. ஒவ்வொரு நாளும் போனில கேக்கிறார், பொலிசு வந்ததோ, பொலிசு வந்ததோ எண்டு."

"பொலிசும் இல்லை ஒண்டும் இல்லை. நாளைக்கு விடிய இவர் போய் ரெண்டு பைப்பையும் பிடிக்கப்போறாராம்."

வேலிக்கு அப்பால் தேங்காய்ப் பாதி கீழே விழுந்து உருண்டது.

"விசரோ அந்த மனிசனுக்கு?"

"பயம் அக்கா. பயம் முத்தினா அப்பிடியும் போகும்."

"அப்ப எனக்குப் பயமில்லையே?" பவதாரணி வேலியருகே வந்தாள். "நானும் பவுசர் தண்ணிதான் குடிக்கிறன். சுவிச்சுக்கு மேல துணி சுத்திக் கட்டி வைச்சிருக்கிறன். அந்தச் சுவரைக் கடந்து போகேக்கயும் கையை மடிக்குள்ள வைச்சுக்கொண்டுதான் போறன். என்ர கையால என்ர தங்கச்சியின்ர புருசன் போயிருப்பானெண்டா..."

பனைமட்டைகள் ஒவ்வொன்றாக விலகின. பொட்டுக்கூடாகத் தமக்கை குனிந்து நுழைந்தாள். தலைமயிரில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை. பவதாரணி மேரிசுகந்தியைப் பார்த்து, "எவ்வளவு நேரம் ஓடவேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணை மூடித் திறக்கிற நேரம். போட்டிட்டு வாங்கோ. ஆரும் கிணத்துக் கட்டில ஏறக்கூடாது."

மேற்கு மோட்டரும் உறுமத் தொடங்கிற்று. திரையில் மஞ்சள் அலையோடு நீல அலையொன்று சேர்ந்தது. அதுவும் சிறியதே, அதுவும் ஐம்பதுக்குக் கீழேதான். ஆயினும் இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை. மஞ்சள் உச்சிக்கு ஏறும்போது நீலம் கீழே சரிந்துகொண்டிருந்தது.

"இதுதான்," என்றாள் மேரிசுகந்தி. அவளுடைய குரலில் அதுவரை இருந்த பகிடி இப்போது இல்லை. "தெருக் கறண்டுப் போஸ்றில மூண்டு வயர் ஓடுது. உங்கட வீட்டுக்கு ஒண்டில இருந்து, அவவின்ர வீட்டுக்கு வேறொண்டில இருந்து வருது. அதுதான் ரெண்டும் ஒண்டாக ஏறி இறங்கேல்லை. இப்ப மஞ்சளில இருந்து நீலத்தைக் கழிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்கப்போறன்."

பொத்தான்களை அழுத்தினாள். திரையின் நடுவே செந்நிறத்தில் மூன்றாவது அலையொன்று பிறந்தது. அது எந்தக் குழாயிலிருந்தும் வரவில்லை. இரண்டின் வேறுபாட்டைக் கருவி கணித்து வரைந்தது. ஆனால் மற்ற இரண்டையும் கீழே விட்டுத் திரையின் மேல்விளிம்பை முட்டிற்று.

"கழிச்சா குறையத்தானே வேணும் ரீச்சர்?"

"நீர் மேட்டில நிக்கிறீர், கொக்கா கிடங்கில நிக்கிறா. உங்கட ரெண்டுபேரின்ர காலுக்கும் இடையில எவ்வளவு உயரம்? மேட்டையும் கிடங்கையும் கூட்டியெல்லோ சொல்லவேணும்? நிலத்தில நிண்டு ஒரு பைப்பைத் தொட்டா ஐம்பதுக்குள்ள. ஒரு கையில இது, மற்றக் கையில அது எண்டா எண்பதுக்கு மேல. அதுவும் நெஞ்சுக்குக் குறுக்கால."

சுலோஜனா செவ்வலையைப் பார்த்தாள். சத்தமின்றி அது எழுந்து எழுந்து விழுந்தது. தேரன்று கணவனின் இரு கைகளுக்கு நடுவே நின்றது இதுதான். அவ்வளவு நாளும் முகமில்லாதிருந்த பயத்துக்கு முகம் வந்தபோது அது குறையவில்லை.

அவ்வேளை மேற்கு வளவில் தண்ணீர் வழியும் ஓசை எழுந்தது. பவுசர் தண்ணீரால் ஏற்கெனவே முக்கால் நிறைந்திருந்த பவதாரணியின் தொட்டி நிரம்பிவிட்டது. "ஐயோ, தண்ணி போகுது" என்று தமக்கையின் குரல். சுலோஜனா தலை நிமிர்ந்தாள். சுவிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பிய பவதாரணி, சோளகத்தில் ஒரு துளியும் வீணாக்காத தீவகத்துப் பெண்ணின் பழக்கத்தால், சொன்ன சொல்லை மறந்து கிணற்றுக் கட்டில் ஏறியிருந்தாள். வழுக்காமலிருக்க இடக்கை தங்கையின் குழாயை நாடிற்று. வலக்கை தன் வால்வை நோக்கி நீண்டது.

சுலோஜனா கிணற்றுக் கட்டுக்குப் பாய்ந்தாள். கால்கள் எப்படிப் போயின என்று அறியாள். தமக்கையின் கொண்டையையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து, முழுப் பலத்தோடு பின்னுக்கு இழுத்தாள். இருவரும் புழுதியில் விழுந்தார்கள்.

"ஏனடி இழுக்கிறாய்!" என்று பவதாரணி கூவினாள். "என்ர தலைமயிர்!"

"மயிர் முளைக்கும் அக்கா," என்றாள் சுலோஜனா. "மயிர் முளைக்கும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மேரிசுகந்தி இரண்டு வீட்டுக்கும் ஓடி மெயின் சுவிச்சுகளை நிறுத்திவிட்டு வந்து, மூச்சிரைக்க வாழையடியில் குந்தினாள். திரையில் மூன்று அலைகளும் ஒரே கோடாய்ப் படுத்துக் கிடந்தன. பின்புறம் காலடி கேட்டது. ஜெயரூபன் வந்து நின்றான். புழுதியில் ஒருவரையொருவர் பிடித்தபடி கிடந்த சகோதரிகளை அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நான் விழுந்ததும் இப்பிடித்தானோ?" என்றான்.

"இப்பிடியேதான், ஒரு கை ஒரு பைப்பில, மற்றக் கை மற்றதில," என்றாள் மேரிசுகந்தி. "பேயுமில்லை, முனியுமில்லை. நாளைக்கு விடிய ஒரு வீரமும் காட்டத் தேவையில்லை."

பின்னேரம் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். பவதாரணி வீட்டு ஏர்த் கம்பி உப்புத் தின்று தையலூசிபோல் ஆகியிருந்தது. சுலோஜனா வீட்டுக் கம்பியைப் பாறை தடுத்ததால் ஒரு முழத்தோடு நிறுத்தியிருந்தார்கள். சுலோஜனா வீட்டு மீற்றர்ப் பலகையைத் திறந்த மேரிசுகந்தி திகைத்தாள்.

"கறண்டு ஒழுகினா தானா விழுந்து நிப்பாட்டுற ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேர வயர் கொழுவிக் கிடக்குது. ஆர் செய்வித்தது?"

சுலோஜனா தலைகுனிந்தாள். "சோளகத்துக்கு அது அடிக்கடி விழுந்தது ரீச்சர். அரைகுறையாத் தண்ணி நிண்டுபோகும். பெரிய கரைச்சலாக் கிடந்தது. கழட்டச் சொன்னது நான்தான்."

"என்ர வீட்டிலயும் அப்பிடித்தான்," என்றாள் பவதாரணி மெல்ல. "நீ கழட்டினதைப் பாத்திட்டுத்தான் நானும் கழட்டினனான்."

"அது விழுந்து விழுந்து சொல்லியிருக்குது. நீங்கள் அதின்ர வாயைக் கட்டிப்போட்டியள்." மேரிசுகந்தி பிறகு குரலைத் தணித்தாள். "சரி, அழவேண்டாம். அது விழட்டும். அது விழுந்தா நீங்கள் விழமாட்டியள்."

அந்தக் கிழமை முழுதும் இரு வீட்டாரும் வாளியால் அள்ளினார்கள். மோட்டர்கள் யாழ்ப்பாணம் போய், உலர்ந்து, புதுச் சுருளோடு வந்தன. ஈரமுள்ள இடம் தேடி ஆழமாய்ப் புதுக்கம்பி இறக்கப்பட்டது. இரண்டு குழாய்களுக்கும் நடுவே வேறுபாடு எழாதபடி தடித்த செப்பு வயரொன்று அவற்றைச் சேர்த்துக் கட்டிற்று. ட்ரிப் சுவிச்சுகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. வெள்ளிக்கிழமை பலகையோடு வந்த ஆழ்வாப்பிள்ளை, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பலகையை மாட்டுக் கொட்டிலில் சாத்தினார். "இருக்கட்டும், ஒரு தேவைக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு மேரிசுகந்தி மீண்டும் வந்து இரண்டு மோட்டர்களையும் ஓடவிட்டாள். மஞ்சளும் நீலமும் திரையின் அடியில் கோடுகளாய்க் கிடந்தன. கழித்து வரைந்த செங்கோடும் அவற்றோடு அசையாது படுத்தது.

ஜெயரூபன் முன்னே வந்தான். சுலோஜனா அவன் நெஞ்சில் கைவைத்து நிறுத்தினாள்.

"நீங்கள் இல்லை. நான்."

"சுலோ, விசர் வேலை பாராதை."

"ஒருக்கா நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இனிமேல் நிக்க ஏலாது."

மேரிசுகந்தி திரையைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தாள். சுலோஜனாவின் அறிவு பயமில்லை என்றது, உடல் கேட்கவில்லை. தேரன்று கணவன் வாயில் சிக்கிய சொல் இப்போது தன் வாய்க்குள் வந்து இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிற்று. கண்ணை மூடாமலே இடக்கையைக் கிழக்குக் குழாயில் வைத்தாள். பிறகு வலக்கையை மேற்குக் குழாயில் வைத்தாள்.

இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே ஓடும் நீரின் மெல்லிய நடுக்கம் மட்டும் உள்ளங்கைகளில் தெரிந்தது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பவதாரணி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். ஜெயரூபன் வந்து மனைவியின் கைகளுக்கு அருகே தன் கைகளையும் வைத்தான்.

மாலை காற்றுச் சற்றே தணிந்தது. சுலோஜனா தலைமுழுகி, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்து, வெற்றிலையொன்றில் கர்ப்பூரம் வைத்து, கிணற்றுக் கட்டின் காற்றுப் படாத மூலையில் ஏற்றினாள். பாடவில்லை. கேட்கவும் இல்லை, கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நயினை அம்மன் கோயில் திசையில் முகம் வைத்து, சுடர் தானாய் அடங்கும்வரை கைகூப்பி நின்றாள். அருகே மேரிசுகந்தி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்தாள்.

அன்றும் வந்திருந்த ஆழ்வாப்பிள்ளை மடியிலிருந்து திருநீற்றை எடுத்து, முதலில் பவதாரணிக்கும் பிறகு சுலோஜனாவுக்கும் ஜெயரூபனுக்கும் பூசினார். முதிய கை ஒவ்வொரு தலையிலும் சற்று நேரம் தங்கிற்று.

"அம்மாள் காப்பா, பிள்ளையள். இந்தத் தண்ணி வத்தாமல், உப்பேறாமல், ஒருதரையும் தீண்டாமல், உங்கட பிள்ளையளின்ர பிள்ளையளுக்கும் வாய்க்கட்டும். நல்லா இருங்கோ."